'இடைநின்றோர்' என்று எழுதும் முன் எங்கள் திண்ணைக்கு வாருங்கள்

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக எங்கள் தெருவுக்கு வந்த குழுவினருக்கும்,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை 8.15க்கு எங்கள் வாசலில் நான்கு நிமிடம் நின்றீர்கள். அதற்குள் என் மூன்று பிள்ளைகளின் பெயருக்கு எதிரே 'இடைநின்றோர்' என்று எழுதினீர்கள். காரணம் என்ற கட்டத்தில் 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று எழுதினீர்கள். மாவு பாக்கெட்டைக் கையில் வைத்திருந்த என் மூத்த மகளைக் கைபேசியில் படம் எடுத்தீர்கள். திங்கட்கிழமைக்குள் மூவரையும் பள்ளியில் சேர்க்காவிட்டால் நடவடிக்கை என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனீர்கள்.

மாலையில் அந்தப் படம் ஊர் வாட்ஸாப் குழுவில் வந்தது. 'படிக்க அனுப்பாமல் கடையில் வேலை வாங்குகிறார்கள்' என்ற ஒரு வரி அதற்குக் கீழே இருந்தது. யார் அனுப்பியது என்று நான் தேடப் போவதில்லை. எடுத்தது உங்கள் கைபேசி. அவளுக்கு 13 வயது. அன்று இரவு என்னிடம், "அம்மா, நான் சில்லறை எடுத்துக் குடுத்தது தப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இன்று வரை அவள் வாசல் பக்கம் வரவில்லை. இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கேள்வி ஒன்றே போதும்.

நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். அந்தப் பெண் சென்ற ஆகஸ்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்திய எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளி வழியாக இல்லாமல் நேரடியாக, எழுதித் தேர்ச்சி பெற்றவள். பன்னிரண்டரை வயது நிறைந்தால் யாரும் அந்தத் தேர்வை எழுதலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சான்றிதழ் உள்ளே இரும்பு பீரோவில் இருந்தது. "என்ன படிக்கிறாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் எடுத்து வந்து காட்டியிருப்பாள். ஐந்தாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து எடுத்தோம். பள்ளி மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் தளத்தில் அவள் பெயர், பள்ளியை விட்டுப் போனவர்களை வைக்கும் 'காமன் பூல்' என்ற குளத்தில் அப்படியே கிடக்கிறது. அரசே எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்று சான்று கொடுத்த பிள்ளை அரசின் இன்னொரு பதிவேட்டில் ஐந்தாம் வகுப்பில் இடைநின்றவளாக இருக்கிறாள். மூன்றாமவளோ எந்தப் பள்ளியிலும் சேர்ந்ததே இல்லை. அவளும் உங்கள் பட்டியலில் இடைநின்றவள்தான்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வைகைக் கரையில் ஒரு சிற்றூர். கணவர் இட்லி மாவு அரைத்து விற்கிறார். முன்வாசலில் கடை, அதை ஒட்டித் திண்ணை, பின்கட்டில் கிரைண்டர். நான்கு பிள்ளைகள்: 13 வயது மகள், 10 வயது மகன், 8 வயது மகள், அங்கன்வாடிக்குப் போகும் 4 வயதுக் கடைக்குட்டி. சர்க்கரை நோயில் ஒரு காலின் விரல்களை இழந்த என் அத்தை, கணவரின் அம்மா, எங்களோடு இருக்கிறார். நான் பி.எட். முடித்து ஆறு ஆண்டுகள் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தவள்.

நான் பள்ளிக்கு எதிரி இல்லை. இந்தத் தெருவிலேயே பல பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் காலை உணவும் மதிய முட்டையும்தான் முழுச் சாப்பாடு. கூட்டாளிகளோடு ஓடி விளையாட அங்கே இடம் இருக்கிறது. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் படித்தே இருக்க மாட்டாத பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நானே அப்படி வந்தவள். எல்லாரும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பாடம் சொல்லுங்கள் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

எங்களை இந்த வழிக்குக் கொண்டு வந்தது என் மகன். கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தபோது அவன் முதல் வகுப்பு. அடுத்த ஆண்டுக்குள் தெரிந்துவிட்டது, எழுத்து அவனிடம் நிற்கவில்லை. 'ப' எழுதச் சொன்னால் 'ம' எழுதுவான். 'கொக்கு' என்ற சொல்லைப் பார்த்தால் திகைத்துப் போவான். வாய் முதலில் சொல்வது 'க்' என்ற ஒலியை, கண் முதலில் பார்ப்பதோ கொம்பை, பிறகு 'க'வை, அதற்குப் பிறகு துணைக்காலை. ஓர் ஒலிக்கு மூன்று துண்டுகள், அவையும் வேறு வரிசையில். நமக்கெல்லாம் பழகிப்போனது. அவனுக்கு ஒவ்வொரு முறையும் புதிது. பள்ளியில் அதற்குத் தந்த மருந்து, ஒவ்வொரு சொல்லையும் 50 முறை எழுதி வா என்பது. கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தார்கள். ஒரு நாள் முழங்கையில் ஸ்கேல் தழும்போடு வந்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. நான் போய்க் கேட்டபோது, "உங்கள் பையன் மந்தம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அதற்குப் பிறகு காலை ஏழு மணி ஆனாலே அவனுக்கு வயிற்று வலி வரும். ஞாயிற்றுக்கிழமை வராது. ஒரு தாய்க்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

அவனை எடுத்தோம். சில மாதங்கள் கழித்து மூத்தவள், "தம்பிக்குச் சொல்லித் தர்ற மாதிரி எனக்கும் சொல்லித் தாங்கம்மா" என்று கேட்டாள். ஒரு மாதம் யோசித்தோம். கணவர் வேண்டாம் என்றார், அத்தை வேண்டும் என்றார். கடைசியில் மூன்று பேரும் வீட்டிலேயே படிக்கத் தொடங்கினார்கள்.

காலை நான்கரைக்கு எழுவேன். மூத்தவள் ஐந்து மணிக்குத் தானாக எழுந்து விளக்கடியில் கணக்குப் போடுவாள். வீட்டில் சத்தம் இல்லாத நேரம் அது ஒன்றுதான். ஆறிலிருந்து ஒன்பது வரை மாவு வியாபாரம். அந்த நேரத்தில் பாடம் கிடையாது. யாராவது ஒரு பிள்ளை அப்பாவுக்குக் கை உதவியாக நிற்கும், ஒருவர் அப்பத்தாவுக்குச் சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுவார், ஒருவர் கடைக்குட்டியைக் குளிப்பாட்டி அங்கன்வாடியில் விட்டு வருவார். நீங்கள் வந்தது அந்த நேரத்தில். பத்து மணிக்குத் திண்ணையில் பாய் விரிப்போம். பன்னிரண்டரை வரை எழுந்திருப்பதில்லை. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நான் பாடம் சொல்ல முடியாது. ஒருவருக்குச் சொல்லும்போது ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். இளையவளுக்கு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லித் தருவது மூத்தவள். சொல்லிக் கொடுக்கப் போய்த்தான் தனக்கே பின்னம் விளங்கியது என்று அவள் சொல்லியிருக்கிறாள். மதியம் அரிசி ஊறப் போடுவதும் தூக்கமும். மாலை நான்கிலிருந்து ஒரு மணி நேரம் வாசிப்பு. கிளை நூலகத்துக்கு வெள்ளி விடுமுறை, அதனால் வியாழக்கிழமையே புத்தகம் மாற்றி வந்துவிடுவார்கள்.

எல்லா நாளும் இப்படி நடந்ததாக நான் சொல்லவில்லை. அத்தையை மருத்துவமனையில் சேர்த்திருந்த பதினோரு நாளில் பாயே விரிக்கவில்லை. கிரைண்டர் பழுதான வாரத்தில் இரண்டு நாள்தான் பாடம். கடைக்குட்டிக்கு அம்மை போட்டிருந்தபோது மூத்தவளே தம்பி தங்கைக்கு ஆசிரியை. இதையெல்லாம் தேதி போட்டு ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், நடந்த நாளும் நடக்காத நாளும். கேட்டிருந்தால் அதையும் தந்திருப்பேன்.

மகனுக்குத் தமிழ் எழுத்து எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் ஆசிரியர்களாக இருந்தவர்கள். தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி விரலால் எழுத வைத்தேன். கொம்பு, உயிர்மெய், கால் மூன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டி, வாயால் ஒலித்தபடியே கையால் சேர்க்கச் சொன்னேன். எட்டு மாதம் ஒன்றும் நகரவில்லை. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு ஒரு புதன்கிழமை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனோம். எழுத்து கீறிய பானை ஓடுகளுக்கு முன்னால் அவன் நெடுநேரம் நின்றான். "இதை எழுதினவரும் கோணலாத்தான் எழுதியிருக்காரு" என்றான். வீட்டுக்கு வந்து, உடைந்த சட்டியின் ஓட்டில் ஆணியால் தன் பெயரைக் கீறினான். நான் சொல்லாமல் அவனாக எழுதிய முதல் சொல் அது. இன்று மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரல் வைத்து வாசிக்கிறான். வயதுக்குப் பின்தங்கித்தான் இருக்கிறான், மறைக்கவில்லை. ஆனால் வயிற்று வலி நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கணக்கில் அவன் தன் வயதுக்கு ஒரு வகுப்பு முன்னே நிற்கிறான்.

மாவுக் கடையைப் பார்த்ததும் குழந்தை உழைப்பு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அந்தச் சந்தேகம் உங்களுக்கு வர வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன், அது வராவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் தப்ப முடியாது. ஆனால் 2016இல் திருத்தப்பட்ட சட்டம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் பிள்ளை கை உதவி செய்வதை அனுமதிக்கிறது. கிரைண்டர் பக்கம் எந்தப் பிள்ளையையும் விடுவதில்லை. கல்லாவில் அரை மணி நேரம் நிற்பதுதான் அவர்கள் செய்வது. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதிலிருந்துதான் இளையவள் விகிதம் கற்றாள். மார்கழியில் விடிய விடியப் புளிக்கும் மாவு சித்திரையில் ஏன் சீக்கிரமே பொங்கி வழிகிறது என்று மூத்தவள் மூன்று மாதம் கண்ணாடித் தம்ளரில் கோடு போட்டு அளந்து வரைபடம் வரைந்தாள். எட்டாம் வகுப்பு அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடத்துக்கு வந்தபோது அவளிடம் கேள்விகள் தயாராக இருந்தன.

உங்களிடம் சட்டம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சட்டத்தில் பெற்றோரைத் தண்டிக்கும் பிரிவு எதுவும் இல்லை. 2012இல் அதே சட்டத்தில் செய்த திருத்தம், கடுமையான ஊனமுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்கலாம் என்கிறது. என் பிள்ளைகள் அந்த வகையில் வர மாட்டார்கள். ஆனால் வீட்டில் கல்வி நடக்க முடியும் என்பதைச் சட்டமே ஏற்றிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். என் மகனுக்கு இருப்பது போன்ற கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. அதற்கான சிறப்பாசிரியர்கள் வட்டார வள மையத்தில் இருக்கிறார்கள். பள்ளியில் பெயர் இல்லாததால் அவனை அங்கே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேர்க்கச் சொல்லி மிரட்ட வருகிறபோது என் வீட்டு முகவரி உங்களுக்குத் தெரிகிறது. உதவி கேட்டு நாங்கள் வருகிறபோது அந்த முகவரி இல்லாமல் போகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை அரசு தொடங்கியபோது நான் தன்னார்வலராகப் பதிவு செய்தேன். இதே திண்ணையில் மாலை 5 மணிக்கு 18 பிள்ளைகள் உட்காருவார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வரும். அதில் சாக்கட்டியும் பென்சிலும் வாங்குவேன். உங்கள் அலுவலகத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர்கள் வந்து பார்த்தார்கள். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். "நல்லா நடத்துறீங்கம்மா" என்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பதிவேட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. ஊரார் பிள்ளைகளுக்கு நான் இந்தத் திண்ணையில் சொல்லிக் கொடுத்தபோது அது கல்வி. அதே திண்ணையில் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அக்கறையின்மையா?

எங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். பள்ளி முகாமில் 10 வயதுப் பிள்ளைகளுக்கு ரண ஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான டிடி தடுப்பூசி போட்டபோது என் மகன் அதில் இல்லை. அவர் பட்டியலைப் பார்த்து, விடுபட்டிருக்கிறான் என்று கண்டுபிடித்து வீட்டுக்கு வந்து சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்த புதன்கிழமை போட்டோம். குடற்புழு நீக்க மாத்திரையை அங்கன்வாடியில் மூவருக்கும் கொடுக்க ஏற்பாடு செய்ததும் அவர்தான். ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று அவரும் கேட்டார். பதில் சொல்லும் வரை உட்கார்ந்திருந்தார், நோட்டுகளைப் புரட்டினார். உங்களிடம் நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

எங்களைக் கண்காணிக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் படிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு பெண் பிள்ளையைச் சமையலறையில் பூட்டி வைக்கும் வீடும் இருக்கலாம், தறியில் உட்கார வைக்கும் வீடும் இருக்கலாம். நீங்கள் வராமல் போனால் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது? அந்த வீட்டையும் இந்த வீட்டையும் வேறுபடுத்திப் பார்க்க நான்கு நிமிடமும் ஒரு கட்டமும் போதாது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். என் மூன்று பிள்ளைகளின் பெயருக்கு எதிரே இருக்கும் 'பெற்றோரின் அக்கறையின்மை' என்ற காரணத்தை நீக்குங்கள். வேறு எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாவிட்டால், குறிப்பு என்ற இடத்தில் 'வீட்டில் கற்கிறார்கள், எட்டாம் வகுப்புத் தேர்வில் மூத்தவர் தேர்ச்சி' என்று உண்மையை எழுதுங்கள். எமிஸ் பதிவில் மூத்தவளின் தேர்ச்சியைச் சேர்க்க வழி இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுத்தில் தாருங்கள்.

என் மகளின் படத்தை உங்கள் கைபேசிகளிலிருந்து அழியுங்கள். அந்த வாட்ஸாப் குழுவில், அந்த வரி தவறு என்று உங்கள் அலுவலகத்தின் பெயரில் ஒரு செய்தி போடுங்கள். இனி இந்தக் கணக்கெடுப்பில் எந்தப் பிள்ளையையும், எங்கள் பிள்ளையோ பிறர் பிள்ளையோ, பெற்றோரின் சம்மதம் இல்லாமல் படம் எடுக்காதீர்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் மானம் உண்டு.

என் மகனை வாரம் ஒரு நாள் சிறப்பாசிரியரிடம் அழைத்து வர அனுமதி தாருங்கள். பள்ளியில் பெயர் இருந்தால்தான் முடியும் என்றால், அந்த விதி எது என்று எண்ணோடு எழுதித் தாருங்கள், மேலதிகாரிகளிடம் கேட்கிறேன். மூத்தவளுக்குப் பதினான்கரை வயது நிறையும்போது பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுவாள். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்பில் 80 சதவீத வருகை வேண்டும். அவளை எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள் என்பதைக் கடைசி வாரத்தில் அலைய விடாமல் முன்கூட்டியே தெரிவியுங்கள். என்றைக்காவது மூவரில் ஒருவர் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். இளையவள் போன மாதம் கபடி அணியைப் பார்த்துவிட்டு அப்படித்தான் கேட்டாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்வது போல வயதுக்கேற்ற வகுப்பில் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

திங்கட்கிழமைக் கெடுவை நிறுத்தி வைத்து, அதே திங்கட்கிழமை காலை 10 மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கடை அப்போது மூடியிருக்கும். மூன்று பிள்ளைகளின் நோட்டுகளும், நாள் குறிப்பும், எட்டாம் வகுப்புச் சான்றிதழும், இல்லம் தேடிக் கல்விப் பதிவேட்டின் நகலும் திண்ணையில் எடுத்து வைத்திருப்பேன். பிள்ளைகளை நீங்களே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள். மகனிடம் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், அவனுக்கு நேரம் வேண்டும். மூத்தவளிடம் அந்தப் படத்தைப் பற்றி நீங்களே நேரில் பேசுங்கள். பன்னிரண்டரை வரை இருந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு உங்கள் படிவத்தை நிரப்புங்கள்.

இப்படிக்கு,
நான்கு பிள்ளைகளின் தாய்,
மாவுக் கடை வீடு